இயேசுவும் புத்தரும்: இருவரையும் பின்பற்றக் கூடுமா?



 இந்த மாத வேதபாடத்தின் கேள்வி நம்முடைய வாலிபரிடத்திலிருந்து வந்தது. "பாஸ்டர், ஞாயிறு ஆராதனைக்கு வந்துக்கிட்டே புத்தர் வழியிலயும் நடக்கலாமா?" இதைக் கேட்கிறவர்கள் விதண்டாவாதத்துக்குக் கேட்கவில்லை. ஒருவர் மனச்சமாதானம் தேடிக் கேட்கிறார், இன்னொருவர் மனுஷனாக மதிக்கப்பட வேண்டும் என்று கேட்கிறார். "கூடாது" என்று ஒரே வார்த்தையில் வாயடைத்து அனுப்பினால் அவர் அதற்கப்புறம் நம்மிடம் கேட்கவே மாட்டார். ஆகவே வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பொறுமையாய்ப் பார்ப்போம்.

1. புத்தர் நமக்கு அந்நியரா?

தென்காசியில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலையைப் பாருங்கள். சாரல் காலத்தில் குற்றாலத்தில் விழுகிற தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. பொதிகையில் அகத்தியர் இருந்தார் என்று நாம் சிறுவயதில் பள்ளிக்கூடத்தில் படித்தோம். 11-ம் நூற்றாண்டில் புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம் என்ற இலக்கண நூல், அகத்தியரே தமிழை அவலோகிதர் என்ற பௌத்த போதிசத்துவரிடத்தில் கற்றார் என்கிறது. அவலோகிதர் வாசம்பண்ணுவதாகப் பௌத்த நூல்கள் சொல்லும் போதலகம் நம்முடைய பொதிகைதான் என்று கருதுகிற ஆராய்ச்சியாளரும் உண்டு. மணிமேகலை ஒரு பௌத்தக் காப்பியம். முதலாம் இராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழும்பியது. ஆகவே "அது எங்கேயோ சீனா, ஜப்பான் மதம்" என்று நாம் சொல்லக் கூடாது. நம்மையும் சிலர் "வெள்ளைக்காரன் மதம்" என்கிறார்கள் அல்லவா?

அப்போஸ்தலர் 17-ம் அதிகாரத்தில் பவுல் அத்தேனே பட்டணத்திற்குப் போனபோது எதையும் உடைக்கவில்லை, யாரையும் ஏளனம் பண்ணவில்லை. சுற்றிப் பார்த்தார், விளங்கிக்கொண்டார், பிறகு பேசினார். நமக்கும் அதுவே மாதிரி.

2. இரண்டையும் சேர்த்துப் பிடித்தவர்கள்

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. ஆமா சாமி என்று அழைக்கப்பட்ட அருள் மரிய ஆரோக்கியசாமி 1936-ல் பர்மாவில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர், இயேசு சபைக் குருவானவர். அவர் ஜப்பானுக்குப் போய் யமதா கோவுன் என்ற ஜென் குருவிடம் பயின்று, 1982-ல் ஜென் போதிக்க அதிகாரம் பெற்றார். கொடைக்கானலுக்குக் கீழே பெருமாள்மலையில் 1996-ல் போதி ஜென்டோ என்ற தியான நிலையத்தை ஏற்படுத்தினார். இலங்கையில் அலோசியஸ் பீரிஸ் என்ற குருவானவர் 1974-ல் களனியில் துலானா என்ற ஆய்வு மையத்தை ஆரம்பித்துப் பௌத்தரோடு உரையாடினார். அமெரிக்காவில் பால் நிட்டர் என்ற இறையியலாளர், புத்தர் இல்லாமல் தம்மால் கிறிஸ்தவராய் இருந்திருக்க முடியாது என்ற கருத்தையே தலைப்பாக வைத்து 2009-ல் புத்தகம் எழுதினார்.

ஆகவே "யாரும் அப்படிச் செய்வதில்லை" என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் கத்தோலிக்கத் தலைமையே 1989 அக்டோபர் 15 தேதியிட்ட கடிதத்தில், கிழக்கத்திய தியான முறைகளில் நல்லது இருக்கக்கூடும், முழுவதும் தள்ள வேண்டாம், ஆனால் கிறிஸ்தவ ஜெபத்தோடு அவைகளைக் குழப்பிக்கொள்ளாதிருங்கள் என்று எச்சரித்தது. நாம் அந்தச் சபையார் அல்ல. ஆனாலும் கேள்வி நமக்கு மட்டும் வந்ததல்ல என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

3. எங்கே சேருகிறது, எங்கே பிரிகிறது?

கொலை, களவு, தகாத உறவு, பொய், போதை இவைகளை விலக்கச் சொல்கிறது பஞ்சசீலம். நல்லதுதானே! இதைக் கைக்கொள்ளுகிற பௌத்தன், குடித்துவிட்டு வீட்டில் அடிக்கிற பெயர்க்கிறிஸ்தவனை வெட்கப்படுத்துகிறான்.

ஆனால் வேருக்குப் போவோம். மனுஷனுடைய துக்கத்துக்குக் காரணம் தாகம், அதாவது ஆசை, என்றார் புத்தர். இயேசுவும் யோவான் 4-ல் சமாரிய ஸ்திரீயிடம் தாகத்தைக் குறித்தே பேசினார். புத்தர், தாகத்தை வேரோடு அவித்துப் போடு என்கிறார். இயேசுவோ, என்னிடத்தில் வந்து குடி என்கிறார். ஒரே கிணற்றடியில் இரண்டு பேச்சு!

இரண்டாவது, நிலையான "நான்" என்று ஒன்றுமில்லை, அதைப் பற்றிக்கொள்வதே மயக்கம் என்பது பௌத்தம். நல்ல மேய்ப்பனோ தன் ஆடுகளைப் பெயர்சொல்லிக் கூப்பிடுகிறார் (யோவான் 10:3). உன் பெயர் அவருக்குத் தெரியும் தம்பி!

மூன்றாவது, புத்தர் வழிகாட்டி, நடக்க வேண்டியது நீ. மகாயானத்தில் அமிதாபருடைய அருளை நம்புகிற பிரிவாரும் உண்டுதான், ஆனால் அங்கேயும் சிருஷ்டிகர் என்று ஒருவர் இல்லை. சுவிசேஷமோ, நடக்க முடியாமல் கிடந்தவனைத் தேடி தேவனே இறங்கி வந்தார் என்கிறது (எபேசியர் 2:8,9). நான்காவது, அங்கே மறுபிறப்பும் அதிலிருந்து விடுதலையும், இங்கே உயிர்த்தெழுதல் (எபிரெயர் 9:27, 1 கொரிந்தியர் 15). இரண்டையும் ஒரே மனுஷன் ஒரே நேரத்தில் மெய்யென்று அறிக்கைபண்ண முடியாது.

4. தியான வகுப்புக்குப் போகலாமா?

அமைதியாய் உட்காருவதும் மூச்சைச் சீராக்குவதும் பாவமல்ல. ஈசாக்கு சாயங்கால வேளையில் தியானம்பண்ண வயல்வெளிக்குப் போனான் (ஆதியாகமம் 24:63). ஆனால் சேருமுன் விதிகளை வாசியுங்கள். கோயங்கா (1924–2013) 1969-ல் இந்தியாவில் போதிக்கத் தொடங்கிய விபாசனா வகுப்பு பத்து நாள். எந்த மதத்தாரும் சேரலாம் என்கிறார்கள். ஆனால் அந்த நாட்களில் ஜெபத்தையும் ஆராதனையையும் நிறுத்திவைக்க வேண்டும், புத்தகம் வாசிக்கவும் கூடாது. தொடக்கத்தில் புத்தம், தர்மம், சங்கம் என்ற மூன்றிலும் சரணம் சொல்லுகிறார்கள். அவர்கள் ஒளிக்கவில்லை, வெளிப்படையாகவே சொல்கிறார்கள். நீங்களும் உங்களுக்குள்ளே வெளிப்படையாய்க் கேட்டுப் பாருங்கள்: என் சரணம் யார்?

தூக்கமில்லாமல், மனம் உடைந்து தவிக்கிறவர்கள் டாக்டரிடம் போகத் தயங்க வேண்டாம். சபையும் எப்போதும் மைக் சத்தமாகவே இராமல், தேவசமுகத்தில் அமர்ந்து காத்திருக்கிற வேளையைக் கொடுக்கட்டும் (சங்கீதம் 46:10).

5. சான்றிதழில் ஒன்று, இருதயத்தில் ஒன்று

இதுதான் நம் வீடுகளில் வலிக்கிற இடம். 1898-ல் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கையில் பஞ்சசீலம் ஏற்று வந்து சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1956 அக்டோபர் 14-ல் நாக்பூரில் டாக்டர் அம்பேத்கர் லட்சக்கணக்கானோரோடு பௌத்தம் தழுவினார். அவர்கள் தேடியது மான மரியாதை. அதை நாம் குறை சொல்லக் கூடாது.

1950-ம் வருஷத்து ஜனாதிபதி ஆணை தாழ்த்தப்பட்டோர் பட்டியலை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அப்படிக் கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அதனால்தான் "பேப்பர்ல பௌத்தன்னு போட்டுக்கிட்டு சபைக்கு வந்தா என்ன?" என்று கேட்கிறார்கள். 2024 நவம்பர் 26-ல் உச்ச நீதிமன்றம், புதுச்சேரியைச் சேர்ந்த, ஞானஸ்நானம் பெற்ற ஒரு சகோதரி தம்மை இந்து என்று கோரிய வழக்கில், சலுகைக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசியல் சாசனத்தை ஏமாற்றுவது என்று தீர்ப்பளித்தது.

சட்டத்தை விடுங்கள், இரண்டு போதகர்களையும் கேட்போம். அம்பேத்கர் கொடுத்த 22 உறுதிமொழிகளில் ஒன்று, கடவுள் அவதாரம் எடுப்பதை நம்பமாட்டேன் என்பது. யோவான் 1:14-ஐ விசுவாசிக்கிறவன் அதை எப்படிச் சொல்லுவான்? பொய் சொல்லாதே என்பது பத்துக் கட்டளையிலும் உண்டு, பஞ்சசீலத்திலும் உண்டு. அந்தப் பேப்பர் இயேசுவுக்கும் உண்மையில்லை, புத்தருக்கும் உண்மையில்லை!

ஆனால் தேவ ஜனமே, இதை ஏழைத் தகப்பனிடம் சுலபமாய்ச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதிருங்கள். அவன் பிள்ளையின் காலேஜ் சீட்டு அந்தப் பேப்பரில் இருக்கிறது. சத்தியத்துக்காக அவன் நஷ்டப்பட்டால் அந்த நஷ்டத்தில் சபை பங்கெடுக்க வேண்டும். கல்லறைத் தோட்டத்தில்கூட சாதிச் சுவர் எழுப்பிய கிறிஸ்தவர்கள் இந்தத் தமிழ்நாட்டில் உண்டு. கலாத்தியர் 3:28-ஐ மனப்பாடம் பண்ணிவிட்டு, பெண் கொடுக்கும்போது சாதி பார்த்தால், மானம் தேடிப் புத்தரிடம் போகிற வாலிபனைப் பின்மாற்றக்காரன் என்று சொல்ல நமக்கு வாயில்லை.

6. முடிவாக

புத்தரிடம் கற்றுக்கொள்ளலாமா? கற்றுக்கொள்ளலாம். பௌத்த நண்பரோடு ஒரே இலையில் சாப்பிடலாமா? தாராளமாய். இரண்டு பேரையும் ஆண்டவராக, சரணமாக வைத்துக்கொள்ளலாமா? கூடாது. ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வைத்தவன் அக்கரை சேருவதில்லை. யோசுவா 24:15-ல் யோசுவா ஜனங்களைக் கட்டாயப்படுத்தவில்லை, இன்றைக்குத் தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்லி, தானும் தன் வீட்டாரும் யாரைச் சேவிப்போம் என்பதை அறிக்கையிட்டார். நானும் என் வீட்டாரும் அப்படியே.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் பேசுவதற்கு:
• நான் தவிக்கும்போது முதலில் யாரிடம் ஓடுகிறேன்?
• என் சான்றிதழும் என் சாட்சியும் ஒன்றாயிருக்கிறதா?
• என் சபையில் சாதியினால் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டவர் யாராவது உண்டா? அவருக்காக நான் என்ன செய்யப் போகிறேன்?

சமாதானத்தின் தேவன்தாமே உங்கள் இருதயங்களை ஒருமுகப்படுத்தி, அவருடைய வருகைமட்டும் காத்துக்கொள்வாராக. ஆமென். மாரநாதா!