சத்திரத்து மணி

தில்லி மாநகரப் பேருந்துகளின் நெற்றியில் எழுதப்பட்டுள்ள ஊர்ப்பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தால், 'சராய்' என்னும் சொல் மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். யூசுப் சராய், பேர் சராய், கட்வாரியா சராய், லாடோ சராய், சராய் காலே கான் எனப் பட்டியல் நீளும். வாரணாசிக்கு அருகிலுள்ள பெரிய தொடர்வண்டிச் சந்திப்பின் பெயரும் 2018 வரை முகல்சராய் என்றே வழங்கியது. விடுமுறையில் தமிழ்நாட்டுக்குச் செல்லும் பிள்ளைகள் அங்கே வேறொரு சொல்லைக் காண்பர். சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் சுங்குவார்சத்திரம். அதனைக் கடந்து சென்றால் பாலுசெட்டிசத்திரம். திருச்சிராப்பள்ளியில் சத்திரம் பேருந்து நிலையம். இன்னும் சத்திரப்பட்டி என்னும் பெயருடைய சிற்றூர்கள் பல.

சராய் என்பது பாரசீகச் சொல். சத்திரம் என்பது வடமொழிவழித் தமிழுக்கு வந்தது. வந்த வழி வேறாயினும் இரண்டும் குறிப்பது ஒன்றையே: வழிப்போக்கர் இரவில் தங்கிச் செல்லும் இல்லம். அவ்வில்லங்களுள் பல இன்று இல்லை. பெயர்கள் மட்டும் சாலையோரத்தில் நிற்கின்றன.

தொடர்வண்டி வருமுன் நெடும்பயணம் என்பது நடைப்பயணமே. வசதி படைத்தோர் மாட்டுவண்டியிலோ குதிரையிலோ பல்லக்கிலோ சென்றனர். எப்படிச் சென்றாலும் ஒரு நாளில் 20 முதல் 30 கிலோமீட்டர் கடப்பதே பெரிது. காசியிலிருந்து இராமேசுவரம் செல்லும் அடியார்க்கு அப்பயணம் பல மாதங்கள் நீடித்தது. வெயில், மழை, திருடர், நோய், காட்டு விலங்கு ஆகியவற்றுக்கிடையே ஒவ்வொரு மாலையும் அவர் மனத்தில் எழுந்த வினா ஒன்றுதான்: இன்றிரவு எங்கே தலைசாய்ப்பது? மொழி தெரியாத நாட்டில், முகம் தெரியாத ஊரில், அவ்வினாவுக்கு விடையாக எழுந்தவையே சராய்களும் சத்திரங்களும்.

வடநாட்டில் 1540 முதல் 1545 வரை ஆண்ட சேர் சா சூரி, வங்காளத்திலிருந்து சிந்து நதி வரை செல்லும் பெருவழியைச் செப்பனிட்டவர். இரண்டு கோசுக்கு ஒன்றாக, அதாவது ஏறத்தாழ 6 கிலோமீட்டருக்கு ஒன்றாக, அவர் 1,700 சராய்களை அமைத்தார் என அவர் வரலாற்றை எழுதிய அப்பாஸ் கான் சர்வானி கூறுகிறார். அங்கே இந்துக்களுக்கும் முசுலிம்களுக்கும் தனித்தனி ஏற்பாடு இருந்தது. வெந்நீர், தண்ணீர், கட்டில், உணவு ஆகியவற்றோடு குதிரைக்குத் தீனியும் கிடைத்தது. பின்வந்த முகலாயர் காலத்துச் சராய்களுள் சில இன்றும் உள்ளன. பஞ்சாபில் நூர்மகல் என்னும் ஊரில் நூர்சகான் அரசி எழுப்பிய சராயின் மேற்கு வாயில், ஒரு கோட்டை வாயிலைப் போல உயர்ந்து நிற்கிறது. சராய்கள் உண்மையில் சிறு கோட்டைகளே. மாலையில் பெருங்கதவு அடைக்கப்படும். உள்ளே இருப்போர் அச்சமின்றி உறங்குவர்.

தமிழ்நாட்டுச் சத்திரம் இதனினும் எளிய தோற்றம் உடையது. வாயிலில் நீண்ட திண்ணை; உள்ளே திறந்த முற்றம்; சுற்றிலும் தூண் தாங்கிய தாழ்வாரம்; அதனை ஒட்டிச் சில அறைகள்; பின்கட்டில் சமையற்கூடம்; அருகே கிணறோ குளமோ; மாடுகளைக் கட்ட ஒரு கொட்டில். வழியோரத்தில் சற்றுத் தொலைவில் சுமைதாங்கிக் கல் இருக்கும். இரு கற்களை நட்டு அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பர். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றித் தாமே சுமையை இறக்கவும் ஏற்றவும் ஏற்ற உயரத்தில் அது அமையும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அதனை நடுவது வழக்கம். சுமையோடு மறைந்தவளின் பெயரால் பிறர் சுமையை இறக்கிவைக்க ஒரு கல் என எண்ணிய அவ்வூரார் படித்தவரோ படியாதவரோ, நுண்ணிய மனம் உடையவர் என்பதில் ஐயமில்லை.

சத்திரங்களால் பெரும்புகழ் பெற்ற நாடு தஞ்சை. அங்கு ஆண்ட மராட்டிய மன்னர்களும் அரசியரும் இராமேசுவரம் செல்லும் வழி நெடுகிலும் சத்திரங்கள் எழுப்பி, அவற்றின் செலவுக்கு விளைநிலங்களை மானியமாக விட்டனர். நிலத்தின் நெல் சத்திரத்துக்கு வரும். சத்திரத்தின் சோறு வழிப்போக்கருக்குச் செல்லும். பல சத்திரங்கள் அரசகுலப் பெண்டிரின் பெயரைத் தாங்கின. நீடாமங்கலத்தில் உள்ளது யமுனாம்பாள் சத்திரம்.

1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சையின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. மன்னர் இரண்டாம் சரபோஜிக்கு எஞ்சியவை கோட்டையும் வருவாயில் ஒரு பங்குமே. நாடு போயிற்று, இனிச் சத்திரங்களின் நிலம் என்னாகும்? உணவு தேடி வரும் வழிப்போக்கர் என்னாவர்? இக்கவலையோடு 1801இல் மன்னர், தஞ்சையில் இருந்த பிரித்தானிய ரெசிடெண்டுக்கு ஒரு மடல் எழுதினார். சத்திரங்களில் நாள்தோறும் நடப்பவை என்ன என்பதை அயல்நாட்டார் ஒருவர்க்கு விளங்கும்படி ஒவ்வொன்றாக எடுத்துரைப்பது அம்மடல்.

அதன்படி, அந்தணர் முதல் பறையர் வரை வந்தவர் அனைவர்க்கும் அங்கே சோறு உண்டு. யோகிகள், சங்கமர், பைராகிகள் முதலிய பலவகைத் துறவியர்க்கும் உண்டு. பிறர் சமைத்ததை உண்ணாதவர்க்கு அரிசியும் பிற பொருள்களும் சமைக்காமலே அளக்கப்பட்டன. உணவு வழங்குதல் நள்ளிரவு வரை நடந்தது. நள்ளிரவில் ஒரு மணி அடிக்கப்படும். இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருப்பின் வந்து உண்க என உரத்த குரலில் அறிவிக்கப்படும். அதன்பின்னரே அடுப்பு அணையும்.

இம்மணியைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும். உண்ண வந்தவர்க்கு உணவு இடுவது எங்கும் உள்ள வழக்கம். வராதவரைத் தேடி மணி அடிப்பது அவ்வாறன்று. களைப்பால் திண்ணையிலேயே உறங்கிப்போனவர், கேட்க நாணி ஒதுங்கி நின்றவர், இருட்டிய பின் ஊர் எல்லையை வந்தடைந்தவர் ஆகியோர்க்காகவே அம்மணி ஒலித்தது.

மடல் இன்னும் பல கூறுகிறது. சத்திரத்தில் ஆசிரியர் இருந்தார், மருத்துவர் இருந்தார், பாம்பு முதலியவற்றின் நஞ்சை இறக்க வல்லவரும் இருந்தார். நோயுற்ற வழிப்போக்கர்க்கு நலம் பெறும்வரை மருந்தும் பத்திய உணவும் அளிக்கப்பட்டன. வழியில் தாய் தந்தையரை இழந்த பிள்ளைகள் ஆசிரியரின் பொறுப்பில் விடப்பட்டனர். அவர்களுக்கு நாளும் மூன்று வேளை உணவு, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு, வேண்டும்போது உடை, இவற்றோடு கல்வியும் கிடைத்தது. கைக்குழந்தைகளுக்குப் பால் உண்டு. கருவுற்ற பெண் அங்கே மகப்பேறு கண்டால் செலவு முழுவதும் சத்திரத்தினுடையது. அவள் மூன்று மாதம் தங்கியிருக்கலாம். தங்குமிடம் என்று தொடங்கிய ஒன்று பள்ளியாகவும் மருத்துவமனையாகவும் பெற்றோராகவும் வளர்ந்திருந்தது.

தம் நாடு தரும ராச்சியம் எனப் பெயர் பெற்றது இவ்வறங்களால் என்றும், தமக்குள்ள சிறப்புகளுள் அப்பெயரையே தலையாயதாகக் கருதுவதாகவும் மன்னர் எழுதினார். வாளும் வரியும் கைவிட்டுப் போன பின்னும் அவர் விடாது பற்றியது அந்த நள்ளிரவு மணியை. சத்திரங்கள் தொடர்ந்து நடந்தன. அடுத்த ஆண்டே, 1802இல், ஒரத்தநாட்டில் புதியதொரு சத்திரமும் எழுந்தது. மன்னரின் அன்புக்குரிய முத்தாம்பாள் என்பவர் இறக்கும் தறுவாயில் தம் பெயரால் ஒரு சத்திரம் வேண்டுமெனக் கேட்டார் என்பர். அதனால் அவ்வூருக்கே முத்தாம்பாள்புரம் என்னும் பெயரும் வழங்கியது. யானைகளும் குதிரைகளும் இழுத்துச் செல்லும் தேரைப் போல அமைந்த அக்கட்டடத்தின் சில பகுதிகள் இன்று சிதைந்துள்ளன. பள்ளியும் மாணவர் விடுதியும் அங்கே நெடுங்காலம் இயங்கின.

எல்லாச் சத்திரங்களும் எல்லாரையும் ஒரே பந்தியில் அமர்த்தின எனக் கருதிவிடலாகாது. சாதிக்கொரு கூடம் பிரித்தவை பல. சில பிரிவினரை வாயிற்படி ஏற விடாதவையும் இருந்தன. வந்தவர்க்கு எல்லாம் சோறு உண்டு என்று சொன்ன தஞ்சையிலும், அருகருகே அமர்ந்து உண்டனர் என மடல் கூறவில்லை. அறத்தின் வாயில் அகன்றிருந்த இடத்திலும் உள்ளே சுவர்கள் இருந்தன.

தொடர்வண்டி வந்தபின் சாலைவழிப் பயணம் குறைந்தது. 1914இல் பாம்பன் கடற்பாலம் திறக்கப்படவே, இராமேசுவரம் செல்வோர் வண்டியில் அமர்ந்தபடியே கடலைக் கடந்தனர். பத்து நாள் நடந்த வழியை ஓர் இரவில் கடப்பவர்க்கு இடையில் சத்திரம் எதற்கு? நிலையங்களுக்கு எதிரே இருந்தவை மட்டும் பிழைத்தன. மதுரைச் சந்திப்புக்கு எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரம் அவற்றுள் ஒன்று. பிற இடங்களில் சொல்லின் பொருளே மாறியது. பெங்களூரில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்குச் சத்திரம் என்றால் திருமணம் நடக்கும் மண்டபம்தான் நினைவுக்கு வரும்.

இன்று பழைய கட்டடங்களில் தங்குவது விடுமுறை இன்பங்களுள் ஒன்றாகிவிட்டது. தில்லியிலிருந்து செய்ப்பூர் செல்லும் வழியில் உள்ள நீம்ராணாக் கோட்டை 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இப்போது தங்கும் விடுதி. செட்டிநாட்டு மாளிகைகள் சிலவும் அவ்வாறே மாறியுள்ளன. தேக்குத் தூண், ஆத்தங்குடித் தளக்கல், முற்றத்தில் விழும் மழை ஆகியவற்றைக் கண்டு இரண்டு நாள் ஓய்ந்திருக்க மக்கள் பணம் செலுத்திச் செல்கின்றனர். இதில் குறையொன்றும் இல்லை. இடிந்து போயிருக்க வேண்டிய வீடுகள் இதனால் நிற்கின்றன. ஆனால் முன்னோர் போவதற்காகத் தங்கினர். இன்றுள்ளோர் தங்குவதற்காகவே போகின்றனர்.

பழைய முறையில் இயங்கும் சத்திரம் ஒன்றைக் காண விரும்புவோர் காசிக்குச் செல்லலாம். அங்கே நாட்டுக்கோட்டை நகரத்தார் 1863இல் நிறுவிய நகரச் சத்திரம் இன்றும் நடைபெறுகிறது. வணிகத்தின் பொருட்டுக் கடல் கடந்தவர்கள், காசி முதலிய வடநாட்டுத் தலங்களுக்குத் தமிழர் வந்தால் தங்குவதற்கென இத்தகைய சத்திரங்களை எழுப்பினர். கங்கைக் கரையின் குறுகிய தெருக்களைக் கடந்து அதன் வாயிலை அடைபவர் காதில் முதலில் விழுவது தமிழ். உண்ணும் வேளையில் இலையில் விழுவது சாம்பாரும் சோறும். நாள்தோறும் விசுவநாதர் கோயில் வழிபாட்டுக்குரிய பொருள்களை அங்கிருந்து சுமந்து செல்வோர் தெருவில் 'சம்போ, சம்போ' என முழங்கிக்கொண்டே நடப்பர். வழியில் நிற்போர் ஒதுங்கி இடம் விடுவர்.

அருஞ்சொற்பொருள்
திண்ணை – வீட்டு வாயிலில் அமரவும் படுக்கவும் உரிய மேடை
தாழ்வாரம் – முற்றத்தைச் சுற்றியுள்ள கூரையிட்ட நடை
மானியம் – அறச்செலவுக்கென விடப்பட்ட நிலம்
கொட்டில் – மாடுகளைக் கட்டும் இடம்
பந்தி – வரிசையாக அமர்ந்து உண்ணுதல்

பயிற்சி
1. சுமைதாங்கிக் கல் எவ்வாறு அமைந்திருக்கும்? அதன் உயரத்துக்குக் காரணம் என்ன?
2. சரபோஜி மன்னர் 1801இல் மடல் எழுத நேர்ந்தது ஏன்?
3. நள்ளிரவில் மணி அடிக்கப்பட்டது யாருக்காக? மூவகையினரைக் குறிப்பிடுக.
4. 'உள்ளே சுவர்கள் இருந்தன' என்னும் தொடர் எதனைச் சுட்டுகிறது?
5. நீங்கள் வாழும் நகரில் சராய், சத்திரம், தரும்சாலை என்னும் சொற்களுள் ஒன்றைக் கொண்ட இடப்பெயரைக் கண்டறிக. அங்கே முன்பு என்ன இருந்தது என முதியோர் ஒருவரிடம் கேட்டுப் பத்து வரிகளில் தமிழில் எழுதுக.