முதல் ஹெட்ஃபோன் வாங்குபவருக்கு ஒரு கடிதம்

பழவங்காடி,
திருவனந்தபுரம்.

தம் சேமிப்பிலிருந்து முதல் ஹெட்ஃபோனை வாங்கவிருக்கும் அன்புக்குரிய இளம் வாசகருக்கு,

காது மடலை முழுவதும் சுற்றிக் குஷன் அமரும்படி செய்யப்பட்ட ஹெட்ஃபோனே முழு அளவு ஹெட்ஃபோன் எனப்படுகிறது. மடலின் மேல் அழுந்தி உட்காரும் சிறிய வகையும் காதுத் துளைக்குள் செருகும் இயர்ஃபோனும் இதனின்று வேறானவை. குறைந்த விலையில் இவ்வகையில் நல்லதொன்றைத் தேர்வது இயலாத காரியமன்று. ஆயினும் கடையில் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் செய்திகள் தேர்வுக்கு மிகக் குறைவாகவே உதவுகின்றன என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. ஒலியை எழுப்பும் ட்ரைவர் என்னும் பகுதி 40 மில்லிமீட்டரா 50 மில்லிமீட்டரா என்பது அதன் தரத்தைச் சொல்லாது. 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் என்ற வாசகமும், அந்த எல்லைக்குள் எந்தச் சுருதி எவ்வளவு ஓங்கியும் எவ்வளவு தாழ்ந்தும் கேட்கும் என்பதைச் சொல்லாத வரையில் வெறும் அலங்காரமே. விலையும் நம்பத்தகுந்த அடையாளமன்று. 2017-இல் யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் ஒலி அளவீடுகளை அவற்றின் சில்லறை விலையோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் தொடர்பு காணப்படவில்லை என்று வெளியிட்டார். கையில் பணம் குறைவாக உள்ள மாணவருக்கு இதைவிட ஊக்கம் தரும் ஆய்வு முடிவு அரிது.

பெட்டியும் விலையும் வழிகாட்டாதபோது, கேட்கும் இடமும் கேட்கும் இசையும் வழிகாட்டுகின்றன. பழவங்காடியில் குடியிருப்பவருக்கு இடம் என்பது சிறிய செய்தியன்று. கணபதி கோயிலின் முன் ஓயாது உடையும் தேங்காய்களும், கிழக்குக் கோட்டையிலிருந்து கிளம்பும் பேருந்துகளின் எஞ்சின் இரைச்சலும் சன்னல் வழியே அறைக்குள் வந்துவிடுகின்றன. அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில், பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில், கைதட்டலுக்கும் இடமில்லாத அமைதியில், கூரையிலிருந்து கவிழ்த்துத் தொங்கவிடப்பட்ட மண்குடங்களின் கீழ் மன்னர் சுவாதித் திருநாள் இயற்றிய கீர்த்தனைகள் பாடப்படுகின்றன. ஒரே பகுதியில் அருகருகே இருக்கும் இந்த இரைச்சலுக்கும் அமைதிக்கும் ஒரே கருவி பொருந்துமா என்பதே உண்மையான கேள்வி.

இக்கேள்வி ஹெட்ஃபோனின் முதுகுப் பகுதியைப் பற்றியது. ட்ரைவரின் பின்புறம் துளைகளோ வலையோ கொண்டு வெளிக்காற்றோடு கலந்திருந்தால் அது திறந்த வகை. உறையால் அடைக்கப்பட்டிருந்தால் அது மூடிய வகை. திறந்த வகையை உலகுக்கு முதலில் விற்றது ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம். 1968-இல் வெளிவந்த அதன் எச்.டி. 414 என்னும் மாதிரி, மஞ்சள் நிறப் பஞ்சுக் குஷன்களோடு ஒரு கோடிக்கும் மேல் விற்றது. திறந்த வகையில் ஒலி அறைக்குள் பரவியதுபோல் விரிந்து கேட்கும், காதும் அவ்வளவாக வியர்க்காது. ஆனால் வெளி இரைச்சல் தடையின்றி உள்ளே வரும்; உள்ளே ஒலிக்கும் பாட்டும் பக்கத்தில் படிக்கும் தங்கைக்குக் கேட்கும். உள்முற்றத்தோடு கூடிய அமைதியான வீட்டில், இரவில் மட்டும் கேட்பவருக்குத் திறந்த வகையே சிறந்தது. சாலையை ஒட்டிய அறையிலும் பேருந்திலும் ஒரே கருவியைப் பயன்படுத்த எண்ணுபவர் மூடிய வகையை நாடுவதே தகும், ஏனெனில் இரைச்சலை வெல்ல வால்யூமைக் கூட்டும் பழக்கம் காதைக் கெடுக்கும்.

மூடிய வகையின் பேஸ் எனப்படும் தாழ்சுருதி, குஷனுக்கும் தோலுக்கும் இடையே காற்றுக் கசியாத பொருத்தத்தை நம்பியிருக்கிறது. மூக்குக் கண்ணாடியின் காம்போ அடர்ந்த கூந்தலோ ஒரு சிறு இடைவெளியை ஏற்படுத்தினாலும், மிருதங்கத்தின் இடந்தலை எழுப்பும் தொப்பி ஓசை மெலிந்துவிடும். பேஸ் இல்லை என்று பழிக்கப்படும் ஹெட்ஃபோன்களில் பல, உண்மையில் முகத்துக்குப் பொருந்தாதவை. ஆகவே கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடுதான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

எந்த இசையைக் கொண்டு சோதிப்பது என்பது இதனினும் முக்கியமானது. விளம்பரங்கள் இதைப் பற்றிப் பேசுவதேயில்லை. குறைந்த விலை ஹெட்ஃபோன்களில் பல, தாழ்சுருதியை வீங்க வைத்து, குரலின் நடுப்பகுதியை அமுக்கி, அதிரடித் திரைப்பாடல்களுக்கு ஏற்ப அமைக்கப்பட்டவை. அவற்றின் குறை கர்நாடக இசையில் உடனே வெளிப்படும். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண்குரலுக்குத் தம்புராவின் மந்தர சட்ஜம், அதாவது தாழ்ந்த ஸ்தாயியின் சட்ஜம், ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸில் அமைகிறது. அதன் மேல் எழும் கிளைச்சுருதிகள், அதாவது அடிப்படைச் சுருதியின் மடங்குகளாக அமைந்த நுண்ணொலிகள், பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை ஏறிச் செல்கின்றன. அடியும் மேலும் சமநிலையில் இருந்தால்தான் தம்புரா தம்புராவாகக் கேட்கும். இல்லையேல் வெறும் ரீங்காரமாகவோ கம்பியின் கீச்சலாகவோ சிதையும். மிருதங்கமும் அவ்வாறே. சாதாரணத் தோற்கருவிகளின் அதிர்வுகள் ஒன்றோடொன்று இசைவற்ற விகிதங்களில் அமைய, நடுவில் கரும்பூச்சு ஏற்றப்பட்ட இந்தியத் தோற்கருவிகள் நரம்புக் கருவியைப்போல் இசைவான கிளைச்சுருதிகளை எழுப்புகின்றன என்பதை சி. வி. ராமன் 1920-இல் எஸ். குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் விளக்கினார். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் விழும் ஒவ்வோர் அடியிலும் சுருதி தெளிவாகக் கேட்கிறதா, அல்லது தட்டும் ஓசை மட்டும் கேட்கிறதா என்று கவனித்தாலே ஒரு ஹெட்ஃபோனின் நடுச்சுருதி எத்தகையது என்பது விளங்கிவிடும்.

மேற்சுருதிக்கும் ஒரு சோதனை உண்டு. திருவனந்தபுரத்தில் 1943-இல் திருவிதாங்கூர் அரசால் தொடங்கப்பட்டு, 1950-இல் அகில இந்திய வானொலியோடு இணைந்த நிலையத்திலும் பிற நிலையங்களிலும் பதிவான பழைய கச்சேரிகள், குறிப்பாக இந்நகரின் இசைக் கல்லூரிக்கு நெடுங்காலம் முதல்வராக இருந்த செம்மங்குடி ஸ்ரீநிவாச ஐயரின் தலைமுறையினர் பாடியவை, பெரும்பாலும் ஒற்றை ஒலித்தடத்தில், நாடாவின் உஸ்ஸென்ற ஓசையோடு பதிவானவை. டிரெபிள் எனப்படும் மேற்சுருதி கூர்மையாக உயர்த்தப்பட்ட ஹெட்ஃபோனில் அந்த உஸ்ஸொலியும் வயலின் வில்லின் உராய்வும் முன்னே வந்து பாடகரைப் பின்னே தள்ளிவிடும். கடையில் சில நிமிடங்கள் இது தெளிவு என்றே தோன்றும். இரண்டு மணி நேரக் கச்சேரியில் களைப்பாக மாறும். ஆகையால் சோதனைக்கு ஒரு பழைய ஆண்குரல் பதிவையும், 2006-இல் நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதல் பெண் கலைஞரான பாறசாலை பொன்னம்மாள் போன்றோரின் பதிவொன்றையும், நன்கறிந்த ஒரு திரைப்பாடலையும் தம் கைப்பேசியிலேயே எடுத்துச் செல்வது அறிவுடைமை.

அடுத்து, கருவியை இயக்கும் ஆற்றல். ஹெட்ஃபோனின் மின்மறிப்பு, அதாவது மாறுமின்னோட்டத்தை அது எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு, ஓம் என்னும் அலகில் குறிக்கப்படுகிறது. ஹெட்ஃபோனைக் கைப்பேசியோடு இணைக்கும் சிறு மாற்றி ஒரு வோல்ட் அளிப்பதாகக் கொண்டால், 32 ஓம் கொண்ட ஹெட்ஃபோனுக்கு ஏறத்தாழ 31 மில்லிவாட்டும், 250 ஓம் கொண்டதற்கு வெறும் 4 மில்லிவாட்டும் போய்ச் சேரும். ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபெல் ஒலி எழும் என்னும் உணர்திறனையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உணர்திறன் 3 டெசிபெல் குறைந்தால் அதே ஒலிக்கு இருமடங்கு ஆற்றல் தேவைப்படும். பழைய கச்சேரிப் பதிவுகளின் ஒலியளவு இயல்பாகவே தாழ்ந்திருப்பதால், கைப்பேசியில் கேட்பவர் 32 முதல் 60 ஓம் வரையிலும், உணர்திறன் 95 டெசிபெலுக்குக் குறையாமலும் உள்ளதைத் தேர்ந்தால் தனி ஆம்ப்ளிஃபயருக்குச் செலவிட வேண்டியிராது. பேயர்டைனமிக் நிறுவனத்தின் டி.டி. 770 புரோ 32, 80, 250 ஓம் என மூன்று வடிவங்களில் விற்கப்பட்டு வந்திருப்பதால், பெயரை மட்டும் பார்த்து வாங்குவோர் தவறான வடிவத்தோடு வீடு திரும்பக்கூடும். கைப்பேசியில் 3.5 மில்லிமீட்டர் ஜாக் இல்லாதபோது வாங்கும் மாற்றிக்குள் எண்வடிவ ஒலியை மின்னலையாக்கும் சில்லு உள்ளதா என்பதையும் விசாரிக்க வேண்டும். சில்லு இல்லாத மலிவான மாற்றிகள் பல கைப்பேசிகளில் வேலை செய்வதில்லை.

புளூடூத் வகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பயணத்துக்கு அது வசதியானது. ஆனால் அதே விலையில் ஒரு பங்கு மின்கலத்துக்கும் புளூடூத் சில்லுக்கும் போய்விடுவதாலும், சில ஆண்டுகளில் மின்கலம் தளர்ந்தபின் மாற்றித் தருவோர் அரிது என்பதாலும், குறைந்த செலவில் நெடுநாள் பயன் விரும்புவோருக்கு ஒயர் வகையே மேலானது. வயர்லெஸ்தான் வேண்டுமென்றால், ஒயரிலும் இயங்கும் ஜாக் உள்ளதை வாங்குவது பாதுகாப்பு. நாய்ஸ் கேன்சலிங் எனப்படும் நுட்பம், வெளி ஒலியை மைக்கால் உணர்ந்து அதற்கு நேரெதிரான அலையை எழுப்பி அழிப்பது. பேருந்து எஞ்சின்போல் தாழ்ந்து ஒரே சீராக ஒலிப்பதை அது நன்றாகக் குறைக்கும், நடத்துநரின் குரலையும் ஹாரனையும் அவ்வளவாகக் குறைக்காது. மிக மலிவான கருவிகளில் இந்நுட்பம் பெரும்பாலும் பெயரளவிலேயே நிற்கிறது.

திருவனந்தபுரத்தில் வாங்குபவர் தட்பவெப்பத்தை எண்ணாமல் முடிவெடுக்கக் கூடாது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் கடலோர நகரம் இது. ஆண்டின் பெரும்பகுதியில் காற்று ஈரமாகவே இருக்கிறது. பெரும்பாலான ஹெட்ஃபோன் குஷன்களின் மேலுறை பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல். ஈரமும் வியர்வையும் அந்தப் பூச்சின் மூலக்கூறுகளை மெல்ல உடைப்பதால், அது கருஞ்செதில்களாக உரிந்து காதிலும் கழுத்திலும் ஒட்டும். குளிர்நாடுகளில் பல ஆண்டுகள் உழைக்கும் குஷன் இங்கே அதற்கு முன்பே உரியத் தொடங்கினால் அதை உற்பத்திக் குறை என்று எண்ண வேண்டியதில்லை. இதன் பொருள், குஷன் என்பது செருப்பின் அடித்தோல்போல் தேய்ந்து மாற்றப்படும் பொருள் என்பதும், மாற்றுக் குஷன் எளிதில் கிடைக்காத ஹெட்ஃபோன் எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும் இந்நகருக்கு ஏற்றதன்று என்பதுமே. துணிக் குஷன் உரியாது, காற்றோட்டமும் தரும். ஆனால் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும் என்பதால் அவ்வப்போது கழற்றித் துவைத்து உலர்த்த வேண்டும். ஈரக் காதின் மேல் நெடுநேரம் மூடிய குஷன் இருந்தால் காதுத் துளையில் பூஞ்சைத் தொற்று வரவும் கூடும். குளித்தவுடன் ஹெட்ஃபோன் அணிவதைத் தவிர்ப்பது நல்லது.

இத்தனையும் எண்ணிப் பார்க்கையில், ஆடியோ-டெக்னிகாவின் ஏ.டி.எச். எம்20எக்ஸ் போன்ற ஸ்டூடியோ வரிசையின் கடைநிலை மாதிரி ஒரு நல்ல தொடக்கம். 47 ஓம், 96 டெசிபெல், மூடிய வகை. அவ்வரிசைக்குப் பொருந்தும் மாற்றுக் குஷன்கள் பல தயாரிப்பாளர்களிடம் கிடைக்கின்றன. எம்20எக்ஸின் 3 மீட்டர் ஒயர் கழற்ற முடியாதது என்பது பயணத்துக்குப் பெருந்தொல்லை. இன்னும் சிறிது சேமிக்கக் காத்திருப்பவருக்குக் கழற்றக்கூடிய ஒயர் கொண்ட எம்40எக்ஸ் அக்குறையைத் தீர்க்கும். ஒயர் அறுபடுவது ஹெட்ஃபோன்கள் பழுதாவதற்குப் பொதுவான காரணங்களுள் ஒன்று என்பதால் இந்த வேறுபாடு விலை வேறுபாட்டுக்குத் தகும். வீட்டில் மட்டும் கேட்பவர், 32 ஓம் கொண்ட திறந்த வகையான ஃபிலிப்ஸ் எஸ்.எச்.பி. 9500 கிடைத்தால் அதையும் கேட்டுப் பார்க்கலாம். அதன் ஒயர் கழற்றக்கூடியது, கைப்பேசியிலேயே இயங்கும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் என்றும், சிறுவர்களுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபெல் என்றும் பாதுகாப்பான எல்லையை வகுத்துள்ளது. 80 டெசிபெலுக்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் அந்த நேரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. 90 டெசிபெலில் பெரியவர்களுக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரமே மிஞ்சும். உள்காதில் ஒலியை உணரும் மயிர் உயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பல கைப்பேசிகளில் வாரந்தோறும் கேட்ட ஒலியளவைக் காட்டும் வசதி உண்டு. அதைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். மூடிய ஹெட்ஃபோனோடு பழவங்காடிச் சந்திப்பைக் கடப்பது எந்த இசைக்காகவும் செய்யத்தக்கதன்று. பேருந்து பின்னால் வருவது காதுக்குத்தான் முதலில் தெரியும்.

கடைக்குச் செல்கையில் குறைந்தது இருபது நிமிடங்கள் தலையில் அணிந்தபடி இருக்க அனுமதி கேட்பது நன்று, ஏனெனில் தலைப்பட்டையின் இறுக்கமும் காது மடல் உள்ளே இடிப்பதும் முதல் ஐந்து நிமிடங்களில் தெரிவதில்லை. ஒற்றைத் தடப் பதிவொன்றை ஒலிக்கவிட்டால் பாடகரின் குரல் நெற்றிக்கு நடுவே நிற்க வேண்டும்; ஒரு பக்கம் சாய்ந்தால் இரு ட்ரைவர்களும் ஒத்திருக்கவில்லை என்று பொருள். குஷன்களை விரலால் மெல்ல அழுத்தும்போது தாழ்சுருதி திடீரெனக் கூடினால் பொருத்தம் சரியில்லை. ஜி.எஸ்.டி. பில்லும் உத்தரவாத அட்டையும் கையில் வாங்கிக்கொண்டு, மாற்றுக் குஷனின் விலையையும் அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் வாங்குவதாயின் போலிகள் கலந்திருக்கக்கூடும் என்பதால், விற்பவர் அங்கீகரிக்கப்பட்டவரா என்று பார்த்து, பெட்டியைப் பிரிக்கும்போது படம் பிடித்துவைத்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் முழுக் கச்சேரி ஒன்றையாவது கேட்டு முடித்திருக்க வேண்டும்.

அன்புடன்.