விதைக்கு ஒரு காவல்



பசுவந்தனையைச் சுத்தி மானாவாரிக் கரிசல் காடுதான். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பித்தான் மிளகாய் விதைக்கிறோம். விதை அழுகிப்போனா கடையில் வேற விதை வாங்கலாம்; போன ஈரத்தை வாங்க முடியுமா?

விதை ஏன் அழுகுது?
கரிசல் மண் தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். ஈரம் மிஞ்சினா ‘பித்தியம்’ என்ற கிருமி பெருகும். முளைக்கும் முன்னே விதையையும், முளைச்ச பின்னே தண்டின் அடியையும் அழுக வைக்கும். இதுதான் நாற்றழுகல் நோய்.

காவலாளிகள் யார்?
1. டிரைக்கோடெர்மா விரிடி: நன்மை செய்யும் பூஞ்சை. கெட்ட பூஞ்சையைச் சுற்றி வளைத்து அழிக்கும்.
2. சூடோமோனாஸ்: நன்மை செய்யும் பாக்டீரியா. வேரில் முதலில் இடம் பிடித்துக்கொண்டு நோய்க்கிருமிக்கு இடமும் உணவும் இல்லாமல் செய்யும்.

செய்யும் முறை
• ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம். (100 கிராம் விதைக்கு சூடோமோனாஸ் எவ்வளவு? கணக்குப் போடுங்க!)
• நல்லா ஆறின வடிகஞ்சி கொஞ்சம் தெளிச்சுக் கலக்கணும். சுடுகஞ்சி ஊத்தினா நுண்ணுயிர் செத்துப்போகும்.
• அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி அன்னைக்கே விதைக்கணும். வெயில் கூடாது.
• பாக்கெட்டில் காலாவதி தேதி பார்க்கணும். உள்ளே இருப்பது உயிர்!

கவனம்: கடையில் வாங்கும் சாயம் பூசின விதையில் பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி மருந்து இருக்கும். அதோடு டிரைக்கோடெர்மாவைக் கலக்கக் கூடாது. மருந்து அதையும் கொன்றுவிடும். அந்த விதையைத் தொட்டால் கை கழுவணும்.

தெரிந்துகொள்வோம்: கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-இல் தொடங்கியது. கே.1, கே.2 மிளகாய் ரகங்கள் அங்கே உருவானவை. ஆனா எந்த நல்ல ரகமும் மண்ணுக்குள்ள அழுகிட்டா பலன் இல்லை. அதேபோல பழசாகி உயிர் போன விதையை எந்த நுண்ணுயிராலும் முளைக்க வைக்க முடியாது. இது காவல்தான், மந்திரம் இல்லை.

செய்து பார்ப்போம்
ரெண்டு தட்டில் ஒரே கரிசல் மண். ஒன்றில் நேர்த்தி செய்த 100 விதை, இன்னொன்றில் செய்யாத 100 விதை. ஒரே அளவு தண்ணீர். 14-ஆம் நாள் எண்ணுங்க. சான்று பெற்ற மிளகாய் விதை 100-க்கு 60-ஆவது முளைக்கணும். அடுத்த வாரம் மறுபடி எண்ணுங்க. முளைச்சது எத்தனை, சாயாமல் நிற்பது எத்தனை?

வீட்டில் விதை எடுக்கும் முன்னே இதை அப்பா, அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள்.