சுனையில் முடியும் வழி

பாலைவனம் என்றதும் நம் மனக்கண்முன் மணற்குன்றுகளும் ஒட்டகங்களுமே தோன்றுகின்றன. பாறைகளும் மலையிடுக்குகளும் நிறைந்த பாலைவனங்களும் உலகில் உள்ளன. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மொஹாவி பாலைவனம் அத்தகையது. அதன் நெவாடா பகுதியில், லாஸ் வேகாஸ் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், ‘நெருப்புப் பள்ளத்தாக்கு’ என்ற மாநிலப் பூங்கா இருக்கிறது. நெவாடாவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா இதுவே. அங்குள்ள ‘மவுஸ் சுனை’ நடைவழி, போக வர 1.2 கிலோமீட்டர்தான். ஏற்றமும் இறக்கமும் மிகக் குறைவு. சிறுவர்களும் எளிதில் நடக்கலாம். புவியியல் மாணவனுக்கும் வரலாற்று மாணவனுக்கும் இச்சிறு வழி ஒரு வகுப்பறை எனலாம்.

பாறையின் பிறப்பு

வழியின் இருபுறமும் செந்நிற மணற்பாறைச் சுவர்கள் எழுகின்றன. ஜுராசிக் காலத்தில், அதாவது 15 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், இவை காற்றில் நகர்ந்த மணல்மேடுகளாக இருந்தன. நாளடைவில் அவை புதையுண்டு இறுகிக் கல்லாயின. மணல் படிந்த சாய்வான அடுக்குகளைப் பாறையில் இன்றும் காணலாம். மணலுடன் கலந்த இரும்பு ஆக்சைடே இச்செம்மைக்குக் காரணம். காலடியில் இருப்பதும் அப்பாறை உதிர்ந்த மணலே. கால் புதைவதால் நடை சற்றுத் தாமதப்படும்.

பாறையே ஏடு

சுவர்களில் ஆங்காங்கே கறுத்த மேற்பூச்சு ஒன்று தெரியும். மாங்கனீசும் இரும்பும் களிமண்ணும் மிக மெதுவாகப் படிந்து உண்டானது அது. பழங்குடி மக்கள் அக்கருமையைக் கல்லால் கொத்தி நீக்கி, அடியிலுள்ள வெளிர்நிறம் தெரியுமாறு உருவங்களை அமைத்தனர். மனித வடிவங்களையும் வளைந்த கொம்புடைய மலையாடுகளையும் அவற்றில் காணலாம். ஏறத்தாழ கி.மு. 300 முதல் கி.பி. 1150 வரை மக்கள் இப்பகுதிக்கு வேட்டைக்காகவும் உணவு சேகரிக்கவும் சடங்குகளுக்காகவும் வந்து சென்றனர் என்பர். அவர்கள் இங்கேயே ஊர் அமைத்துத் தங்காதது ஏன்? ஆண்டு மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டரே. தண்ணீர் இருக்கும்வரைதான் தங்க முடியும்.

சுனையும் மனிதனும்

இந்த விடையை வழியின் முடிவில் நேரில் காண்கிறோம். அங்கே பாறையில் இயற்கையாக அமைந்த குழிகளில் மழைநீர் தேங்குகிறது. மலைப்பாறையில் இவ்வாறு நீர் நிற்கும் இடத்தைத்தான் நாம் சுனை என்கிறோம். ஒரு நல்ல மழைக்குப்பின் இந்நீர் சில மாதங்கள்கூட நிற்கும். 1890களில் ‘மவுஸ்’, அதாவது எலி, என்றழைக்கப்பட்ட தென் பையூட் இனத்தவர் ஒருவர் சட்டத்தின் பிடியிலிருந்து தப்பி இங்கு ஒளிந்திருந்தார். வெளியார்க்கு வெறும் பாறையாகத் தோன்றிய இடத்தில் நீர் உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார். அந்த அறிவே அவர் இங்கு ஒளிந்திருக்க உதவியது. சுனைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பையூட் மக்கள் இன்றும் அண்மையிலுள்ள மோவாபா ஆற்றுப் பகுதியில் வாழ்கின்றனர். இந்நிலம் அவர்களுக்கு வெறும் காட்சிப் பொருளன்று.

செல்வோர் கடமை

எளிய வழி என்பதால் வெறுங்கையுடன் செல்லலாகாது. கோடையில் வெப்பம் 38 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். சில நாட்களில் 49 பாகையையும் எட்டும். குடிநீரும் தொப்பியும் இன்றியமையாதவை. கோடையில் விடியற்காலையே நடப்பதற்கு உகந்தது. வானம் இருண்டால் இடுக்கில் நிற்கக் கூடாது. வெற்றுப் பாறையில் விழும் மழை நிலத்தில் ஊறாமல் திடீர் வெள்ளமாகப் பாயும்.

மற்றொரு கடமையும் உண்டு. பாறை உருவங்களைத் தொடக் கூடாது. விரலின் எண்ணெயும் வியர்வையும் அவற்றுக்குத் தீங்கு செய்யும். அருகில் தம் பெயரைக் கீறுவோர் பல நூற்றாண்டுச் செல்வத்தை ஒரு நொடியில் கெடுக்கின்றனர். நூலகத்தில் ஒரு நூல் கிழிந்தால் வேறு படி வாங்கலாம். இந்த ஏட்டுக்கு மறுபதிப்புக் கிடையாது.

முடிவுரை

ஒரு மணி நேரத்திற்குள் நடந்து முடிக்கும் வழிதான் இது. ஆயினும் காற்று மணலைக் குவித்ததையும், மனிதன் பாறையில் தன் நினைவைப் பதித்ததையும், சிறிதளவு நீர் அம்மனிதனின் வரவையும் தங்கலையும் தீர்மானித்ததையும் இங்கு ஒருசேரக் கற்கிறோம். ஓர் ஊரின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதலில் அங்கு நீர் எங்கே இருந்தது என்று கேட்க வேண்டும். இச்சிறு சுனை நமக்குத் தரும் பாடம் இதுவே.