ஒரு சர்வர் படுத்தாலும் வேலை நிற்காது!

சோழன் எக்ஸ்பிரஸுக்குச் சிதம்பரம் கவுன்ட்டரில் நீங்கள் முன்பதிவு செய்யும் அதே நேரத்தில் கடலூரிலும் ஒருவர் பதிவு செய்யலாம். இருவருக்கும் ஒரே பெர்த் கிடைக்காது. ஏனெனில் பெர்த் கணக்கு கவுன்ட்டர் கம்ப்யூட்டரில் இல்லை. மைய சர்வரில் உள்ளது. டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து முன்பதிவு மையங்களும் 1999-இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. இப்படிப்பட்ட சர்வர் நின்றால் எல்லா கவுன்ட்டர்களும் நின்றுவிடும். அதைத் தடுக்கும் வழிதான் க்ளஸ்டர்.

க்ளஸ்டர் என்றால் என்ன?

பல சர்வர்களை இணைத்து, வெளியே ஒரே சர்வர் போலத் தெரியவைப்பது க்ளஸ்டர். அதிலுள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு நோட். நோட்கள் தாம் இயங்குவதை ஒன்றுக்கொன்று விடாமல் சிக்னல் மூலம் தெரிவிக்கும். இது ஹார்ட்பீட். சிக்னல் நின்றால், அடுத்த நோட் அந்த வேலையையும் பொது ஐபி முகவரியையும் ஏற்றுக்கொள்ளும். இது ஃபெயில்ஓவர்.

நிர்வாகமும் எளிது. வேலையை இரண்டாம் நோடுக்கு மாற்றிவிட்டு முதல் நோடை அப்டேட் செய்யலாம். பிறகு இரண்டாவதையும் அவ்வாறே செய்யலாம். அப்டேட்டுக்காக நள்ளிரவில் கண்விழிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது ஓட்டு

கடலூரில் ஒரு நோட், சுமார் 45 கி.மீ. தள்ளிச் சிதம்பரத்தில் ஒரு நோட் என வைத்துக்கொள்வோம். நடுவில் கேபிள் அறுந்தால்? இரண்டும் நன்றாகவே இருக்கும். ஆனால் மற்றது நின்றுவிட்டது என ஒவ்வொன்றும் முடிவு செய்யும். இரண்டும் ஒரே பெர்த்தை விற்றுவிடும். இதுவே ஸ்ப்ளிட் பிரெயின். இதற்காகத்தான் மூன்றாவதாக ஒரு சிறிய கம்ப்யூட்டருக்கும் ஓட்டு தருகிறோம். மூன்றில் இரண்டு ஓட்டு உள்ள பக்கம் மட்டுமே இயங்கும். இது கோரம்.

எங்கே வைப்பது?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அப்போது நான் பள்ளி மாணவன். மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. யூபிஎஸ் எத்தனை மணி நேரம் தாங்கும்? ஒரே புயலில் சிக்கும் இரண்டு ஊர்களில் நோட்களை வைத்துப் பயனில்லை. ஆகவே சிதம்பரம் நோடைக் கோவைக்கு மாற்றுங்கள். மூன்றாவது ஓட்டை மதுரையில் வையுங்கள். கடலூர் விழுந்தாலும் இரண்டு ஓட்டு மிஞ்சும்.

ஒன்றை மறக்காதீர்கள்: க்ளஸ்டர் பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்த ஃபைல் எல்லா நோடிலும் அழிந்துவிடும்.

வீட்டிலேயே பழக, விர்ச்சுவல்பாக்ஸில் மூன்று லினக்ஸ் மெஷின்களை உருவாக்கி, இலவசமாகக் கிடைக்கும் கோரோசிங்க், பேஸ்மேக்கர் இரண்டையும் நிறுவுங்கள். பிறகு ஒன்றை நிறுத்திப் பாருங்கள்.