வெற்றிடம் தரும் மின்னாற்றல்

நுழையும்முன்

எரிபொருளை எரித்து, நீரை ஆவியாக்கி, சுழலியைச் சுழற்றி மின்சாரம் பெறுவது பழைய முறை. எரிக்காமலேயே எரிபொருளின் வேதியாற்றலை மின்னாற்றலாக மாற்றுவது எரிபொருள் மின்கலம். அதன் நடுவே அமைந்த மெல்லிய பீங்கான் ஏட்டின் இயல்பை இப்பாடம் விளக்குகிறது.

பீங்கானின் பணி

திண்ம ஆக்சைடு எரிபொருள் மின்கலத்தின் ஒருபுறம் காற்றும் மறுபுறம் ஹைட்ரஜன் போன்ற எரிபொருளும் செலுத்தப்படுகின்றன. இடையில் உள்ள பீங்கானே மின்பகுளி. காற்றிலுள்ள ஆக்சிஜன் எலக்ட்ரான்களை ஏற்று அயனியாகி, பீங்கானைக் கடந்து, ஹைட்ரஜனுடன் சேர்ந்து நீராகிறது. அப்போது விடுபடும் எலக்ட்ரான்கள் வெளிச்சுற்றின் வழியே மின்னோட்டமாகப் பாய்கின்றன. எனவே, மின்பகுளி அயனிக்கு வழிவிட வேண்டும். எலக்ட்ரானைத் தடுக்க வேண்டும்.

வெற்றிடமே வழி

இட்ரியா கலந்த சிர்கோனியா உயர்வெப்பத்தில் மின்சாரத்தைக் கடத்துவதை 1899இல் ஜெர்மானிய அறிஞர் வால்தர் நெர்ன்ஸ்ட் எடுத்துரைத்தார். சிர்கோனியம் அயனியின் மின்சுமை நான்கு. இட்ரியம் அயனியின் மின்சுமை மூன்று. இரண்டு சிர்கோனியம் அயனிகளின் இடத்தில் இரண்டு இட்ரியம் அயனிகள் அமர்ந்தால், மின்சுமை சமனாவதற்காக ஓர் ஆக்சிஜனின் இடம் வெற்றிடமாகிறது. அருகிலுள்ள ஆக்சிஜன் அயனி அதற்குள் தாவுகிறது. அது விட்ட இடம் அடுத்த அயனிக்கு வழியாகிறது.

வெப்பம் என்னும் விலை

இத்தாவலுக்கு மிகுந்த வெப்பம் தேவை. இப்பொருளாலான கலங்கள் பெரும்பாலும் 700 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் இயங்குகின்றன. அவ்வெப்பத்தில் உறுப்புகள் விரைவில் நலிவடைகின்றன. விலைமிகுந்த பொருள்களும் தேவைப்படுகின்றன. வெப்பத்தை 600 டிகிரிக்குக் குறைத்தால் துருப்பிடிக்காத எஃகையே பல உறுப்புகளுக்குப் பயன்படுத்தலாம். ஆனால், அயனியின் ஓட்டமும் தளர்ந்துவிடுகிறது.

மாற்று வழிகள்

ஏட்டை ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் தடிமனுக்கு மெலிதாக்கி அயனி கடக்கும் தொலைவைக் குறைப்பது ஒரு வழி. பொருளையே மாற்றுவது மற்றொரு வழி. காடோலினியம் சேர்த்த செரியா, 600 டிகிரியில் சிர்கோனியாவைவிட நன்கு கடத்துகிறது. எனினும், எரிபொருள் படும் புறத்தில் அது ஆக்சிஜனை இழக்க, எலக்ட்ரான்கள் உள்ளேயே கசிந்து மின்னழுத்தம் குறைகிறது. ஆகவே, செரியாவின்மீது மெல்லிய சிர்கோனியாப் படலம் இட்டு அக்கசிவைத் தடுக்க முயல்கின்றனர். பேரியம் சிர்கோனேட் போன்ற பீங்கான்களோ, ஆக்சிஜன் அயனிக்கு மாறாக அதனினும் சிறிய புரோட்டானைக் கடத்துகின்றன. அவற்றைச் செறிவான ஏடாகச் சுட்டெடுப்பது கடினம். நிறையும் குறையும் சீர்தூக்கிப் பொருளைத் தேர்வதே இத்துறையின் அறிவியல்.

தெரியுமா?

செரியம் அடங்கிய மோனசைட்டும் சிர்கோனியம் அடங்கிய சிர்கானும் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கின்றன.

கற்பவை கற்றபின்...

மின்பகுளி எலக்ட்ரானையும் கடத்தினால் மின்கலத்திற்கு நேரும் இழப்பு குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.