பச்சோந்தியும் படநூலும்

கண்ட உயிரைக் கல்லால் அடித்துத் துரத்துவது எளிது. அதனை உற்று நோக்கி அறிவது அரிது. எளியதை விடுத்து அரியதைச் செய்யும் பழக்கத்தை இளமையிலேயே ஊட்ட வல்லது படநூல். எழுத்தறியாக் குழந்தையும் படத்தை அறியும். தாயின் மடியில் அமர்ந்து, ஏட்டைப் புரட்டி, "இது என்ன?" என்று குழந்தை வினவும் அந்நாளிலேயே பிற உயிர்கள்பால் அன்போ வெறுப்போ அதன் உள்ளத்தில் வேரூன்றத் தொடங்குகிறது. ஆதலின் குழந்தைகளுக்கெனப் படநூல் இயற்றுவோரின் பொறுப்பு மிகப் பெரிது.

மயிலையும் முயலையும் குழந்தை விரும்புமாறு வரைவது கடினமன்று. பார்த்த அளவிலே பலரும் முகம் சுளிக்கும் பல்லியினத்து உயிர் ஒன்றை விரும்புமாறு வரைவதே அருமையான செயல். அவ்வினத்துள்ளும் பச்சோந்தி பெரும்பழி சுமந்த உயிர். கொள்கையில் நில்லாது காலத்திற்கேற்பக் கட்சி மாறுவோரைப் 'பச்சோந்தி' என்று இகழ்வது தமிழ் வழக்கு. ஆங்கிலத்திலும் இத்தகைய வழக்கு உண்டு. இவ்வாறு வசைச்சொல்லாகவே ஆகிவிட்ட ஓர் உயிரைக் கதைத் தலைவனாக்கி, 1975ஆம் ஆண்டில் இரண்டு படநூல்கள் வெளிவந்தன. ஒன்றை இயற்றியவர் லியோ லியோனி. மற்றொன்றை இயற்றியவர் எரிக் கார்ல்.

லியோனி 1910ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் பிறந்தவர். 1939இல் அமெரிக்காவில் குடியேறி ஓவியப் பணியில் சிறந்து விளங்கினார். ஒருகால் தம் பேரக்குழந்தைகளுடன் புகைவண்டியில் சென்றபோது, அவர்களை அமைதியாக இருக்கச் செய்யும்பொருட்டு, இதழொன்றின் வண்ணத் தாளைக் கிழித்து, அத்துண்டுகளைக் கொண்டே ஒரு கதை சொன்னார். அக்கதையே 1959இல் அவருடைய முதற் படநூலாக மலர்ந்தது.

பச்சோந்தியைப் பற்றிய அவருடைய நூலின் பெயர் 'தனக்கென ஒரு நிறம்' என்னும் பொருளுடையது. கிளிக்குப் பச்சை நிறம் உண்டு; யானைக்குச் சாம்பல் நிறம் உண்டு; பச்சோந்திக்கு மட்டும் தனக்கென ஒரு நிறம் இல்லை. அது செல்லும் இடமெல்லாம் நிறம் மாறுகிறது. ஓர் இலையின்மேலேயே தங்கிவிட்டால் என்றும் பச்சையாக வாழலாம் என எண்ணி, மரமேறி அமர்கிறது. ஆயினும், இலையுதிர் காலம் வருகிறது. இலை மஞ்சளாகிப் பின் சிவக்கிறது. பச்சோந்தியும் அவ்வாறே மாறுகிறது. குளிர்காலக் காற்று இலையோடு அதனையும் வீழ்த்துகிறது. வேனிற் காலத்தில், தன்னினும் மூத்த, அறிவு மிக்க மற்றொரு பச்சோந்தியை அது காண்கிறது. தனி நிறம் தமக்கு வாயாது எனினும், இருவரும் இணைந்தே வாழ்ந்தால் எங்கும் ஒரு நிறத்தினராய் இருக்கலாம் என்று அது வழி கூறுகிறது. துயருற்ற உள்ளத்திற்குத் துணையே மருந்தாகிறது.

எரிக் கார்ல் 1929இல் அமெரிக்காவில் பிறந்தவர். ஆறு வயதில் பெற்றோருடன் ஜெர்மனிக்குச் சென்று, இட்லரின் கொடிய ஆட்சியின்கீழ் வளர்ந்தார். அவ்வாட்சி விலக்கி வைத்த ஓவியங்களை ஆசிரியர் ஒருவர் அவருக்கு மறைவாகக் காட்டினார். விலக்கப்பட்டவற்றுள்ளும் அழகு உண்டு என்பதை அவ்விளைஞர் அன்று கண்டார். 1952இல் அவர் அமெரிக்கா திரும்பினார்.

அவர் படைத்த பச்சோந்தி ஒரு விலங்குக் காட்சிச்சாலையைக் காண்கிறது. பனிக்கரடியைப்போல் பெரிதாக வேண்டும், நரியைப்போல் கூர்மதி வேண்டும், யானையைப்போல் வலிமை வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாக விரும்புகிறது. விரும்பியவாறே ஒவ்வோர் உறுப்பும் வந்து ஒட்டிக்கொள்கிறது. இறுதியில் அதன் உருவம் எவ்விலங்கின் உருவமும் அன்று. அந்நிலையில் பசி வருகிறது. ஈ ஒன்று பறந்து வருகிறது. அதனைப் பிடிக்க இயலவில்லை! மீண்டும் பச்சோந்தியாகவே ஆக விரும்புகிறது, ஆகிறது, ஈயையும் பிடித்து உண்கிறது. பிறர் பெருமையை அணிவதால் பசி தீராது என்பதை இதனினும் எளிதாகக் குழந்தைக்கு உணர்த்துதல் அரிது.

உயிர் ஒன்று, குறை ஒன்று, விடைகளோ இரண்டு. ஒரு நூல் துணையை நாடச் சொல்கிறது. மற்றொன்று தன் இயல்பைப் போற்றச் சொல்கிறது. இரு நூல்களும் பச்சோந்தியைப் பழிக்கவில்லை. அதன் உள்ளத்தில் புகுந்து பார்க்கின்றன.

இனி, இயற்கை உண்மை யாது? அமர்ந்த இடத்தின் நிறத்தையெல்லாம் பச்சோந்தி ஏற்கும் என்பது கதைக்குப் பொருந்தும், அறிவியலுக்குப் பொருந்தாது. வெப்பம், ஒளி, சினம், அச்சம் ஆகியவற்றிற்கேற்பவே அது பெரும்பாலும் நிறம் மாறுகிறது. பகையை எதிர்க்கவும் துணையை ஈர்க்கவும் நிறமே அதற்கு மொழி. மடகாஸ்கர் தீவின் பச்சோந்தி வகை ஒன்றை ஆராய்ந்த ஜெனீவாப் பல்கலைக்கழக அறிஞர்கள் 2015இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். அதன் தோலில் மிக நுண்ணிய படிகங்கள் அடுக்கடுக்காக உள்ளன. அமைதியாக இருக்கும்போது அவை நெருங்கி நிற்கின்றன. கிளர்ச்சியுறும்போது விலகி நிற்கின்றன. அவ்விடைவெளிக்கேற்ப அவை எதிரொளிக்கும் ஒளியின் நிறமும் வேறுபடுகிறது.

ஆகவே, பச்சோந்தி பெரும்பாலும் தன் உள்ளத்தை மறைக்க நிறம் மாறுவதில்லை; காட்டவே மாறுகிறது. உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசும் மாந்தருக்கு அதன் பெயரைச் சூட்டுவது எவ்வளவு பொருந்தாச் செயல்!

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பச்சோந்தி வாழ்கிறது. இரு கண்களையும் வெவ்வேறு திசையில் சுழற்றி, நீண்ட நாவை விரைந்து நீட்டிப் பூச்சிகளைப் பிடித்து உண்ணும் அவ்வுயிருக்கு நஞ்சு இல்லை. ஆயினும் நச்சுயிர் என அஞ்சி அதனை அடிப்பாரும் உளர். அறியாமையே அக்கல்லை எறியும் கை.

படநூல் தரும் அன்பு முதற்படி. ஆராய்ச்சி தரும் அறிவு அடுத்த படி. முதற்படியில் கால் வையாதவர் அடுத்த படி ஏறுவது அரிது. தம்பிக்கும் தங்கைக்கும் படநூலை விரித்துக் காட்டும் மாணவர், கதையைக் கூறுவதோடு அதன் உண்மையையும் எடுத்துரைப்பாராயின், வேலியோரத்தில் மெல்ல நகரும் பச்சோந்தியைக் கண்டதும் அச்சிறு கைகள் கல்லைத் தேடா; கண்களே வியந்து நோக்கும்.